முதல் தாள் இல்லாத ‘புதுக்குரல்கள்’: இது 1962ஆம் ஆண்டுப் பிரதிதானா?

கேள்வி:
சி. சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து பிரசுரம்’ வெளியிட்ட கவிதை நூல்களின் முதற்பதிப்புகளைச் சில ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ முன்பே கிடைத்துவிட்டது. சென்ற மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில், செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ என்ற புதுக்கவிதைத் தொகுப்பு அகப்பட்டது. மேலட்டையும் ஆண்டு அச்சிட்ட தாளும் இல்லை. முன்னுரையின் நடுவிலிருந்துதான் தொடங்குகிறது. கடைக்காரர் 1962ஆம் ஆண்டுப் பிரதி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார். லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை போன்ற கொம்போடு பழைய வடிவில் இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். இப்போது ஐயமாக இருக்கிறது. எப்படி உறுதி செய்வது? புதிதாகப் பைண்டிங் செய்யலாமா?

மறுமொழி 1:
நண்பரே, துதிக்கை எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்த வடிவங்களை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே 1978இல்தான். அதற்குப் பிறகும் சிறிய அச்சகங்கள் கையிலிருந்த பழைய அச்செழுத்துகளைத் தேயும்வரை பயன்படுத்தின. இந்நூலோ 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பாடநூலாகி, மறுபதிப்பும் கண்டது. அதிலும் இதே துதிக்கைதான் இருக்கும். ஓரங்களில் ‘முக்கியம்’ என்றோ வினா எண்ணோ பென்சிலில் எழுதியிருந்தால், அது மாணவர் கைப்பட்ட பிரதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். (புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றவர் செல்லப்பா; அவர் தொகுத்த நூல் பின்னர் வகுப்புக்குள்ளேயே நுழைந்ததை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.)

மறுமொழி 2:
கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். வெளியீட்டுப் பட்டியல் இருந்து, அதில் பிச்சமூர்த்தியின் அடுத்த நூலான ‘வழித்துணை’யோ, 1965இல் வந்த தி. சோ. வேணுகோபாலனின் ‘கோடை வயல்’ தொகுப்போ காணப்பட்டால், உங்கள் பிரதி 1962ஐச் சேர்ந்ததன்று. விலை ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் நம்பிக்கை கூடும். ‘நயா’ என்ற சொல் 1964இல் நீங்கிவிட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972க்குப் பிந்தியது. வெறும் ‘சென்னை-5’ என்றிருந்தாலோ எதையும் நிறுவாது.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான வழி ஒன்று உண்டு. கையால் அச்சுக் கோத்த காலத்தில், அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுவிடுவார்கள். அத்தனை ஈய எழுத்துகளையும் கோத்தபடியே கட்டிவைக்கச் சிறிய அச்சகங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே மறுபதிப்பு என்றால் பெரும்பாலும் புதிதாகக் கோத்ததாகவே இருக்கும்; முன்னுரையில் வரி முறியும் இடமும், உடைந்த எழுத்துகளும் மாறிவிடும். நான்கைந்து பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் முழுமையான பிரதியைக் கேட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
பைண்டிங் மட்டும் வேண்டாம், ஐயா. என்னுடைய கவிதை நூல் ஒன்றை ஒருவரிடம் கொடுத்தேன். ஓரம் சீராக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் வெட்டி, பக்க எண்களில் பாதியையும் சேர்த்து எடுத்துவிட்டார். முதற்பதிப்பைத் தேடுபவர்களுக்கு அழுக்கானாலும் வெட்டுப்படாத ஓரமே வேண்டும். துருப்பிடித்த கம்பியை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டு, அமிலமில்லாத தாளில் உறை போட்டு, படுக்கை வாட்டில் வையுங்கள். செல்லோ டேப் கூடவே கூடாது. மைதா பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கடைசித் தாளும் கிழிந்திருப்பதால் பட்டியலும் விலையும் எனக்கு உதவவில்லை. ஆனால் முன்னுரையில் ஓரிடத்தில் ‘ன’ ஒன்று தலைகீழாக அச்சாகியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் நூலகத்துக்குச் செல்கிறேன்.