திருகோணமலை சுவாமி மலையை வரைந்தால் நெட்டையாக வருகிறது, உதவி தேவை

புதுக்கொப்பி:
வணக்கம். வரையத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கோயில் மலையை ஐந்து தடவை வரைந்துவிட்டேன். ஐந்திலும் மலை ஒல்லியாக, நெட்டையாக, கள்ளிச்செடி போல நிற்கிறது. வள்ளங்களும் அப்படித்தான், வாழைப்பழத்தை நிமிர்த்தி வைத்ததுபோல. என்ன பிழை விடுகிறேன்? ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன், அதற்குள் யாராவது சொன்னால் நல்லது.

கடற்காகம்:
எந்த மலை, எங்கே இருந்து? வெறும் 'கோயில் மலை' என்றால் திருகோணமலை ஆட்களுக்கு மட்டும்தான் விளங்கும். நேரில் பார்த்து வரைகிறீர்களா, ஒளிப்படம் பார்த்தா? வரைந்ததை இங்கே போடுங்கள்.

மைக்கூடு:
பென்சில் எது? எச்.பி. என்றால் அதுதான் காரணம். மெல்லிய கோடு விழுந்தால் எல்லாமே ஒல்லியாகத்தான் தெரியும். 4பி, 6பி போன்ற மென்மையான பென்சில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோப்பிரதித் தாளில் வரையாதீர்கள், அது மெல்லியது, சதுர மீற்றருக்கு 80 கிராம் (ஜி.எஸ்.எம்.) தான் இருக்கும். கொஞ்சம் சொரசொரப்பான, தடித்த தாள் வேண்டும்.

புதுக்கொப்பி:
கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை. டச்சு பே கடற்கரையில் இருந்து, நேரில். எச்.பி. தான். படம் போட வெட்கமாக இருக்கிறது.

சித்திர வாத்தி:
மூன்று வாரத்தில் மலையா? தம்பி, முதலில் கனசதுரம், உருளை, கோளம் மூன்றையும் மேசையில் வைத்து மூன்று மாதம் வரையுங்கள். கை பழகாமல் கடற்கரைக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கே வந்துதான் அழுகிறார்கள். இதே கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். தேடிப் படிக்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை.

புதுக்கொப்பி:
தம்பி இல்லை ஐயா. எனக்கு 46 வயது, பிள்ளைகளுக்கு அம்மா. பரீட்சைக்கு வரையவில்லை, பின்னேரம் பொழுது போக வேண்டும், அவ்வளவுதான்.

நிலாவெளிக்காற்று:
கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்தால் படத்தின் ஓரங்களில் உருவங்கள் இழுபடும். அதைப் பார்த்து வரைந்தால் மலை கோணல்மாணலாகத்தான் வரும்.

கடற்காகம்:
நிலாவெளி அண்ணா, நேரில் என்று எழுதியிருக்கிறார்களே. மேலே உள்ளதையும் கொஞ்சம் படியுங்கள். மைக்கூடு சொன்ன பென்சில் கதையும் சரியில்லை. களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுப்பு ஏறும். 6பி வாங்கினால் கறுத்த நெட்டை மலை ஒன்று கிடைக்கும்.

அக்கா, நமக்குப் பிடித்த இடத்தைக் கண் உயர்த்திக் காட்டும். கோயில் உச்சியில் இருப்பதால் மனம் அங்கேயே போகிறது, கையும் பின்னால் போகிறது. அளந்து பாருங்கள். கையை முழுதாக நீட்டி, முழங்கை மடியாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். மலையின் உயரத்தைப் பெருவிரல் நகத்தால் குறித்து, பென்சிலை அப்படியே படுக்கவைத்து, அந்த நீளம் அகலத்தில் எத்தனை தடவை போகிறது என்று எண்ணுங்கள்.

மடத்தடி:
எந்த நேரம் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலையில் சூரியன் மலைப் பக்கம்தான் எழும்புகிறது. மலை ஒரே கறுப்பாக நிற்கும். புதியவர்களுக்கு அதுதான் நல்லது, வெளிக்கோடு மட்டும் போட்டால் போதும்.

மைக்கூடு:
கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டலாமே, வரைவது எதற்கு? பின்னேரம் போனால் வெயில் மலை முகத்தில் விழும், பாறை வெடிப்பு ஒவ்வொன்றும் தெரியும்.

மடத்தடி:
வெடிப்பு ஒவ்வொன்றையும் வரையப்போய்த்தான் புதியவர்கள் கொப்பியை மூடிவைக்கிறார்கள். பின்னேரம் டச்சு பேயில் எத்தனை பேர் வந்து பின்னால் நின்று எட்டிப்பார்ப்பார்கள் தெரியுமா?

மைக்கூடு:
எட்டிப்பார்த்தால் என்ன, தாள் தேய்ந்துவிடுமா?

மடத்தடி:
உங்களுக்குத் தேயாது. நீங்கள் வெளியே போய் வரைந்தால்தானே.

புதுக்கொப்பி:
கடற்காகம் தம்பி, நேற்று அளந்தேன். உயரம் அகலத்தில் மூன்று தடவைக்கு மேல் போகிறது. அப்படியே தாளிலும் போட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அடிமட்டம் வைத்தால் இரண்டு தடவைகூட இல்லை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வரையும்போது சரியாகத்தான் தெரிகிறது. வீட்டில் அலுமாரியில் சாய்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் நெட்டை.

உப்புக்காற்று:
இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே அக்கா! கொப்பியை எப்படி வைத்து வரைகிறீர்கள்?

புதுக்கொப்பி:
மடியில். தென்மேற்குக் கச்சான் காற்று தாளைத் தூக்கி அடிக்கிறது. அதனால் முழங்காலில் கிடையாக வைத்து, முழங்கையால் அமர்த்திக்கொண்டு வரைகிறேன்.

உப்புக்காற்று:
அவ்வளவுதான் விசயம். கிடையாக இருக்கும் தாளை நீங்கள் சரிவாகப் பார்க்கிறீர்கள். 45 பாகையில் பார்த்தால் தாளில் மேலும் கீழுமாக இருக்கும் 10 சென்ரிமீற்றர் கண்ணுக்கு 7 ஆகத்தான் தெரியும். அகலம் குறையாது. குறைந்து தெரிவதைக் கை தன் பாட்டில் நீட்டி ஈடுகட்டிவிடுகிறது. மடியில் சரி, அலுமாரியில் நெட்டை. அளவு சரியாகவே இருந்தும் தாளில் பிழைத்ததும் அதனால்தான். ஐந்து படத்தையும் திரும்ப மடியில் வைத்துப் பாருங்கள், மலை ஒழுங்காக இருக்கும். வீதியில் எழுதும் எழுத்தை நீட்டி எழுதுவது ஓட்டுநர் கண்ணுக்கு அது சரியாகத் தெரியத்தான். நீங்கள் அறியாமல் அதையே செய்திருக்கிறீர்கள்.

ஒரு கடின மட்டையில் தாளை வைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் நாலு மூலையும் பிடியுங்கள். மட்டையின் கீழ் ஓரம் மடியில், மேல் ஓரம் நிமிர்ந்து, பார்வை தாளில் நேராக விழ வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி இருக்க முடியாவிட்டால் மட்டையை முழங்காலுக்கு முட்டுக்கொடுங்கள்.

சித்திர வாத்தி:
இதைத்தான் நானும் சொல்ல இருந்தேன். மடியில் வைக்கிறீர்கள் என்று முன்பே எழுதியிருந்தால் சொல்லியிருப்பேன். கனசதுரத்தை மேசையில் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

கடற்காகம்:
கனசதுரத்தை மேசையில் வைக்கச் சொன்னீர்கள் ஐயா. தாளை எங்கே வைப்பது என்று சொல்லவே இல்லை.

மைக்கூடு:
எப்படியும் 4பி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கொப்பி:
போய்வந்தேன். மட்டை, நாலு கிளிப். மலை படுத்துவிட்டது, வள்ளமும் படுத்துவிட்டது. தாளின் ஒரு மூலையை அங்கே திரியும் மான் தின்றுவிட்டது. உப்புக்காற்றுக்கு நன்றி.

மடத்தடி:
நல்லது அக்கா. காலையிலா போனீர்கள், பின்னேரமா?

மைக்கூடு:
மூலை போனால் போகட்டும், படத்தைப் போடுங்கள். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

மடத்தடி:
அக்கா?