பத்தாம் வகுப்புப் பையன்: எந்தப் பழக்கமும் மூன்று நாளைத் தாண்டுவதில்லை

பவானிக்கரை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பவானியில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், அவருக்கு ஜமக்காளத் தறி. ஒரே பையன், பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மார்க். பாஸாக 35 வேண்டும். பேப்பர் வந்த அன்று ராத்திரியே உட்கார்ந்து, நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் அட்டவணை போட்டு பீரோ கதவில் ஒட்டினான். காலை 4.30க்கு எழுவது, 5 முதல் 6 கணக்கு, அப்புறம் அறிவியல், இப்படியே ராத்திரி 10.30 வரை கட்டம் கட்டமாக. இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். நான்காம் நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "என்னால எதுவும் முடியாதும்மா" என்றான். இந்த வருடம் இது நாலாவது அட்டவணை.

அதைவிட என்னை வருத்துவது அவனுடைய கூச்சம். வகுப்பில் சந்தேகம் கேட்க மாட்டான். மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறை குறைந்தால்கூட வாய் திறக்காமல் வந்துவிடுவான். சின்ன வயதில் இப்படி இல்லை. திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர் (ஓய்வு):

அம்மா, அட்டவணை கிழிந்ததற்குப் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். அத்தனை கட்டத்தையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் பெரியவர்களாலும் முடியாது. 28 வருடம் அரசுப் பள்ளிகளில் கணக்கு எடுத்தேன், இந்த மாதிரி அட்டவணை நூறாவது பார்த்திருப்பேன்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வந்து டீ குடிப்பான் இல்லையா, அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் இரண்டு கணக்கு. இரண்டே இரண்டு. மணி குறிக்காதீர்கள். 5 மணி என்று எழுதினால், 5.20 ஆனதும் "இன்னைக்குப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். டீ தினமும் குடிப்பான், அதனால் டம்ளர் தினமும் ஞாபகப்படுத்தும்.

எந்தக் கணக்கு என்றால், முதலில் வடிவியலும் வரைபடமும். பொதுத்தேர்வில் இரண்டுக்கும் எட்டெட்டு, ஆக 16 மார்க். வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என்று குறிப்பிட்ட சில வகைதான் வரும். காம்பஸும் ஸ்கேலும் கையில் பழகிவிட்டால் மார்க் தானாக விழும். தோற்றுப்போன பிள்ளைக்கு நாம் ஆயிரம் ஆறுதல் சொல்வதைவிட, தானே வரைந்த ஒரு வட்டம் சரியாக வந்து நிற்பது அதிகம் பேசும்.

ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள், 2010இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது. ஒரு பழக்கம் யோசிக்காமல் கைக்கு வர ஏறக்குறைய 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரைகூடப் போகலாம். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. உங்கள் பையன் மூன்றாம் நாளிலேயே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான் பாருங்கள், அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

கும்பகோணம் மிருதங்க வாத்தியார்:

டீச்சரம்மா சொன்னது சரி. கூச்சத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். என்னிடம் இதே வயதில் ஒரு பையன் வந்தான். "த தி தொம் நம்" முதல் பாடம், அதை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்க வேண்டும். தனியாக இருந்தால் வாசிப்பான். நாலு பேர் வந்து உட்கார்ந்தால் விரல் நடுங்கும்.

அவனுக்கு ரவை பிசையும் வேலையைக் கொடுத்தேன். மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பி என்போம், அதன் நடுவில் ரவை அப்பினால்தான் அந்தக் கும்மென்ற நாதம் வரும். தண்ணீர் கூடினால் தோலில் வழியும், குறைந்தால் வாசிக்கும்போதே உதிரும். சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைவான், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி ஒட்டுவான், ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பான், நகத்தால் கொஞ்சம் எடுப்பான், மறுபடி தட்டுவான். இரண்டே மாதத்தில் பெரிய பையன்கள்கூட "என்னுதையும் பாருடா" என்று அவனைத் தேட ஆரம்பித்தார்கள். அப்புறம் எட்டு வயதுப் பொடியன் ஒருவனுக்கு முதல் பாடத்தை இவனையே சொல்லித்தரச் சொன்னேன். நடுக்கம் எந்த நாளில் போனது என்று எனக்குத் தெரியாது, கவனித்தபோது இல்லை.

தைரியமாக இரு என்று வாயால் சொல்லி ஏறுவதில்லை அம்மா. அவன் செய்யாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி நிஜமான வேலை ஒன்று வீட்டில் இருக்கும், அதைக் கொடுங்கள். பாராட்டும்போதும் "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாமல், இன்றைக்கு எது நன்றாக வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் வருட பி.எஸ்சி.:

அக்கா, நான் அந்த வயதைத் தாண்டி நாலு வருடம்தான் ஆகிறது. தயவுசெய்து 4.30 அலாரத்தை எடுத்துவிடுங்கள். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இந்த வயதில் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்கும், அது சோம்பேறித்தனம் இல்லை. 10.30க்குப் படுத்து 4.30க்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான். என்னையும் விடியற்காலையில் எழுப்பினார்கள், புத்தகத்தின் மேலேயே தூங்கினேன், அதற்கும் திட்டு. போனை மட்டும் ராத்திரி ஹாலில் சார்ஜ் போடச் சொல்லுங்கள், உங்கள் போனும் அங்கேயே இருக்கட்டும்.

சித்தப்பா பையனோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. வாரக்கணக்கில் சாப்பாடு, விளையாட்டு எதிலும் மனம் போகாமல் இருந்தால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

பவானிக்கரை அம்மா:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். டம்ளர் முறைதான். 35 நாளில் 26 நாள் போட்டிருக்கிறான், காலண்டரில் அவனே புள்ளி வைக்கிறான். நடுவில் காய்ச்சலில் தொடர்ந்து நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் நான் எதுவும் கேட்கவில்லை, அவனே காம்பஸை எடுத்தான்.

அளவு நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டேன். யார் பிளவுஸ், என்றைக்குத் தர வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாம் அவன் எழுத்துதான். தைத்து முடித்ததும் போன் செய்வதும் அவன்தான். முதல் இரண்டு போனுக்குப் பேச வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு படித்தான். போன வியாழக்கிழமை ஒரு அக்கா 20 ரூபாய் குறைவாகக் கொடுத்தார்கள். நான் உள்ளே மிஷினில் இருந்தேன். "அக்கா, இன்னும் 20 ரூபாய் வரணும்" என்று அவன் குரல் கேட்டது. பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரம்மா, ஒரு சந்தேகம். மற்ற தொடுகோடெல்லாம் வரைகிறான், மாற்று வட்டத்துண்டு தேற்றத்தைப் பயன்படுத்தி வரையச் சொன்னால் மட்டும் எந்தப் பக்கம் கோணம் அளப்பது என்று குழம்புகிறான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?