புதுப்பிப்பு: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு லெட்ச்வொர்த் பூங்கா

நியூயார்க் மாநிலத்தின் லெட்ச்வொர்த் பூங்காவில் அம்மாவால் படியேறாமல் எதைப் பார்க்க முடியும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய்வந்துவிட்டோம்.

வடக்கே மவுண்ட் மோரிஸ் ஊர்ப் பக்க வாசல் வேண்டாம், தெற்கே உள்ள காஸ்டைல் வாசல் வழியாகப் போங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. பூங்கா ஜெனசீ ஆற்றை ஒட்டிச் சுமார் 17 மைல் நீளம். பெரிய அருவிகள் தென்கோடியில்தான் இருக்கின்றன. முதலில் இன்ஸ்பிரேஷன் பாயின்ட் என்ற காட்சிமுனை. அங்கிருந்தே நடு அருவியும், பின்னால் மேல் அருவியும், அதற்கும் மேலே ரயில் பாலமும் ஒரே பார்வையில் தெரிகின்றன. பிறகு கிளென் ஐரிஸ் விடுதி அருகே வண்டியை நிறுத்தினோம். 107 அடி நடு அருவிக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். சாரல் முகத்தில் அடிக்க, அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நகரவே மனமில்லாமல் நின்றார். அந்த ஒரு இடத்துக்காகவே போகலாம்.

கீழ் அருவிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அம்மாவும் அப்பாவும் மேலேயே இருக்க, நான் மட்டும் இறங்கினேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் அந்தப் படிவழியை மூடியும் விடுவார்கள்.

எதிர்பாராதது: முந்தைய நாள் மழையால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. பள்ளத்தாக்கில் போன் சிக்னலும் பல இடங்களில் இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.