வசனம் வயலுக்கு வந்த நேரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடைமடைக்காரன்:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். போன தை மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு நாலு ராத்திரி காவல் இருந்தேன். நல்ல பனி. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக வந்த ஒரு டிப்பர் நெல் காயவே இல்லை. விடியற்காலையில் அதைக் குவியலின் நடுவில் தள்ளி, காய்ந்த நெல்லை மேலே இழுத்து மூடினேன். பலகை பிடித்தது நான்தான், கூலியாள் இல்லை. ஈரம் பார்க்க வந்த பையன் மேலாக ஒரு கை அள்ளினான். 16.8. "பிடிச்சிரலாம்ண்ணே" என்றான்.

அடுத்த குவியல் எங்கள் சபைக்கு வருகிற ஒரு அம்மாவுடையது. வீட்டுக்காரர் இல்லை. மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். நாலு நாளும் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்துக் கோடு போட்டு அவர் காயவைத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் நெல் 17.9 காட்டியது. அவர் சத்தம் போடவில்லை. நாலு நெல்லை எடுத்துக் கடித்தார். "பல்லுக்குக் கடக்குங்குது, மிசினு இல்லைங்குதே" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எவ்ளோ தம்பி வந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"ஸ்தோத்திரம் தம்பி. ஒனக்காவது வந்துச்சே."

கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ணுகிற இரண்டு பேரில் நான் ஒருவன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11இல் வருவதை, எடை போடுகிறவர்களை நினைத்துத்தான் இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன். சரி, உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர், கும்பகோணம்:

என்னுடையது சின்ன விஷயம். விதைக்கிறவன் உவமை நடத்திக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு தாடிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையில், பாறையில், முள்ளில் எல்லாம் விதைக்கிறார். ஒன்பது வயசுப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், இவரு ஏன் பாதையில போயி வெதைக்கிறாரு? வெத என்ன வெலை விக்கிது!" வகுப்பே சிரித்தது. வழக்கமான பதிலைச் சொன்னேன்: நிலம் என்பது நம் இருதயம், நாம் எந்த நிலம் என்று யோசிக்க வேண்டும், இப்படி. அவன் உட்காரவில்லை. "அப்ப உளுந்து தெளிக்கிற மாரியா டீச்சர்?" என்றான்.

கேட்டுவிட்டுச் செய்தும் காட்டினான். இடது கையில் கூடை இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, வலது கையை வீசி, மணிக்கட்டை ஒரு சுழற்று. கண் கீழே பார்க்கவில்லை, நேராகச் சுவரைப் பார்த்தது. அவன் தாத்தா அப்படித்தான் தெளிப்பாராம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கும்போதே அதற்குள் உளுந்தை வீசிவிடுவோம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். விழுகிற இடம் தெரியாது. தாளும் கதிரும் மறைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் அறுவடை மெஷினும் ஓடும். அப்புறம் உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து பங்குனியில் காய்த்து நிற்கும்.

பதினாலு வருஷமாக நான் அந்த உவமையில் நிலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் கையைப் பார்த்தான். அந்த ஞாயிறு மிச்சப் பாடத்தை நடத்த எனக்கு ஓடவில்லை. பாட்டுப் பாட வைத்து அனுப்பிவிட்டேன்.

வேளாண் துறை (ஓய்வு):

டீச்சரம்மா, பையன் சரியாகத்தான் கேட்டான். 33 வருஷம் உளுந்து விதைப்பைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தம்பி வயலில் ஒருநாள் கூடையை என் கையில் கொடுத்தார்கள். நான் வீசியது எல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக விழுந்தது. வரப்பில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அது கிடக்கட்டும்.

நீங்கள் மெழுகுப் பதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். ஏக்கருக்கு 10 கிலோ விதை. மெஷின் அறுப்பு என்றால் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள், தடத்தில் நசுங்குவதற்குக் கணக்கு வேண்டும். உளுந்தில் ஆடுதுறை 3 ரகம்தான் நெல் தரிசுக்கு, அதாவது நெல் அறுத்த வயலுக்கு, ஏற்றது. விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்திய பிறகுதான் தெளிக்க வேண்டும், வெயிலில் உலர்த்தினால் போட்டதே வீண். பூக்கும்போது ஒரு தடவையும் பதினைந்து நாள் கழித்து ஒரு தடவையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் அடிக்க வேண்டும். முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்து எடுங்கள், இல்லாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். அடிப்பது சாயங்காலம். உச்சி வெயிலில் அடித்து இலை கருகியதை எத்தனையோ வயலில் பார்த்திருக்கிறேன்.

கடைமடைக்காரனுக்கும் ஒரு வார்த்தை. குவியலில் மேலாக மட்டும் மாதிரி எடுப்பதை நீங்கள் ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது. மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்துக் கலந்து பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற விவசாயிக்குத்தான் நியாயம் கிடைக்கும்.

கடைமடைக்காரன்:

ஐயா, நான் எழுதியதை இன்னொரு தடவை வாசியுங்கள்.

நீடாமங்கலத்து மருமகள்:

எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அந்த நாட்களில் வாசலைத் தாண்டி எத்தனை காவி உடை, எத்தனை சின்னத் தேர் அங்கே போகும் என்று கணக்கே இல்லை. நாங்கள் பெந்தெகொஸ்தே. மாதா பக்கம் போகக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மாமியார் வருஷா வருஷம் வாசலில் பானை வைப்பார். யாராவது கேட்டால், "நான் தண்ணிதான வச்சேன், கொடியா ஏத்துனேன்" என்பார்.

ராத்திரி பத்து மணி இருக்கும். ஒரு பெண் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஊசி இருக்கா?" என்றாள். தண்ணீர் கேட்கவில்லை. தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள், இடுப்புப் பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிற யோவான் 13 எனக்கு மனப்பாடம். அங்கியைக் கழற்றி வைத்தது, சீலையைக் கட்டிக்கொண்டது, பேதுரு மறுத்தது எல்லாம் தெரியும். ஒரு கால் இவ்வளவு கனம் இருக்கும் என்று மட்டும் தெரியாது. நடந்து களைத்த ஆள் தன் காலை முழுதாக நம்மிடம் விட்டுவிட்டால் அது பச்சைக் குழந்தை மாதிரி கனக்கிறது. அடிப்பாதம் முழுக்கத் தார், சின்னச் சின்னக் கல். உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். ஊசியை விளக்கில் காட்டிக் குத்தினேன். அவள் ஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

எழுந்து போகும்போது, "ஓங்க பேரச் சொல்லுங்கக்கா, மாதாகிட்ட சொல்றேன்" என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பேரைச் சொன்னேன். சொன்னதோடு விடாமல், வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற என் மகன் பேரையும் சேர்த்துச் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டாரா, மாமியார் கேட்டாரா என்று உள்ளே திரும்பிப் பார்த்தேன். இதுதான் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெரேயா பட்டணத்தான்:

சகோதரி, தண்ணீர் கொடுத்தது சரி, ஊசி குத்தியதும் சரி. பேர் கொடுத்தது சரியில்லை. "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்று 1 தீமோத்தேயு 2:5 தெளிவாகச் சொல்கிறது. பரிவு வேறு, உபதேசம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "அனுபவம்" என்று எழுதுவதால்தான் சபைகள் இப்படி இருக்கின்றன. நான் அனுபவம் எழுத வரவில்லை, வாசித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, அவ்வளவுதான். கொப்புளத்தையும் உடைத்திருக்கக் கூடாது. தோல்தான் அதற்குக் கட்டு. உடைத்தால் சீழ் வைக்கும். சுத்தமான துணியைத் தளர்த்தியாகக் கட்டி விட்டிருக்க வேண்டும்.

பூண்டிக்காரி:

பெரேயா ஐயா, உபதேசத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மூன்று தடவை நடந்தவள் நான். நடக்கிறவர்களிடம் எல்லாரும் பேர் கொடுப்பார்கள். போன தடவை 23 பேர் கொடுத்தார்கள், தாளில் எழுதி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்து எடுத்துப் பார்த்தால் வேர்வையில் மை கரைந்து ஒரே நீலம். ஒரு பேர்கூடத் தெரியவில்லை. அந்தத் தாளை அப்படியே தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன். மருமகளே, உன் மகன் பேரை அவள் மனசில்தான் வைத்திருப்பாள், கவலைப்படாதே.

தென்னந்தோப்பு, பேராவூரணி பக்கம்:

இங்கே எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பாடம் கிடைக்கிறது. எனக்குப் பாடம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிகிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தால் அப்பா வைத்து வளர்த்த 140 தென்னையில் நின்றது பதினொன்று. ஒரு வாரம் கழித்து அரிசியும் தார்ப்பாயும் கொண்டு ஒரு ஊழியர் வந்தார், நல்ல மனுஷர்தான். ஜெபித்துவிட்டு, "இதுல கர்த்தர் நமக்கு ஒரு பாடம் வெச்சிருக்காரு" என்றார். அப்பா தார்ப்பாயை மடித்துக்கொண்டே, "பாடம் எனக்குன்னா மரத்த ஏங்கய்யா அடிக்கணும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தப் பதில் வேதத்திலேயே இருக்கிறது, ஆனால் யாரும் பிரசங்கிக்க மாட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டுவிட்டு, இல்லை என்கிறார். லூக்கா 13. சுனாமி வந்த அன்று, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் செத்தவர்கள் கும்பிட வந்தவர்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று புதுமை பேசுகிறவர்கள் கரையில் கிடந்தவர்களுக்கு என்ன பாடம் சொல்வார்கள்?

அப்பா அதற்கப்புறம் செய்தது ஒன்றுதான். சாய்ந்து கிடந்த மரங்களில் இளநீர் இன்னும் கெடவில்லை. மின்கம்பம் நட வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த பையன்களுக்குத் தினமும் வெட்டிக் கொடுத்தார். படுத்த மரத்தில் ஏற வேண்டியதில்லை பாருங்கள், எழுபது வயசில் அவரே வெட்டினார். இதையும் யாராவது பாடமாக்கிவிடாதீர்கள்.

தரங்கை:

தோப்புக்காரர் சொல்வது புரிகிறது. நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு எங்கள் தரங்கம்பாடியைச் சுற்றிக் காட்டினேன்: ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய கரை, 1718இல் கட்டி முடித்த புது எருசலேம் கோயில், டேனிஷ் கோட்டை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் வர ஆரம்பித்திருந்த நேரம். மணலில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லது கூடையில், ஆகாதது மணலில். "அங்கிள், மத்தேயு 13" என்று சொந்தக்காரப் பெண் படம் எடுத்தாள். வலை உவமை.

அவள் போனைக் கீழே இறக்குவதற்குள் ஒரு கிழவி வந்து, மணலில் எறிந்ததை எல்லாம் பொறுக்க ஆரம்பித்தாள். காரப்பொடி, வாலறுந்த கவலை மீன், நசுங்கிய நண்டு. அலசி, உப்புப் போட்டு, கருவாடாக்கி விற்பாளாம். ஒன்றையும் விடவில்லை. அந்த உவமையை முதன்முதலில் தமிழில் அச்சடித்தது இந்த ஊரில்தான், 1715இல் புதிய ஏற்பாட்டை அடித்து முடித்துவிட்டார்கள். அந்த வசனத்தை எழுதும்போது ஜன்னல் வழியாக இவளுடைய கொள்ளுப்பாட்டி யாரையாவது சீகன்பால்க் ஐயர் பார்த்திருப்பாரா என்று தோன்றியது. எறிந்துபோடுவார்கள் என்பதோடு உவமை நின்றுவிடுகிறது. கிழவி அதில் இல்லை.

ஞாயிறுபள்ளி டீச்சர், கும்பகோணம்:

கடைமடைக்காரன் அண்ணன், கேட்கலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா நெல்லை அப்புறம் எடுத்தார்களா?

கடைமடைக்காரன்:

எடுக்கவில்லை டீச்சர். மறுநாள் சாயங்காலம் மழை. என் தார்ப்பாயைக் கொடுத்தேன், அதில் ஓட்டை இருந்தது. அடியில் முளை கண்டுவிட்டது. வியாபாரிக்குப் போட்டார். மூட்டைக்கு எவ்வளவு குறைத்தான் என்று நான் கேட்கவில்லை.

மாசியில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், பூசணி, கோழி என்று ஆளாளுக்குப் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் கூறுவது நான். அவர் ஒரு மரக்கால் நெல் வைத்திருந்தார், வெள்ளைத் துணி போட்டு. துணியை எடுத்துக் காட்டும்போது என்னை அறியாமல் கையை அடிவரை விட்டுப் பார்த்துவிட்டேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

நானே எடுத்தேன். இன்னும் குத்தவில்லை. பையோடு இருக்கிறது.