சிடி3-உம் சிடி14-உம் ஒரே செல்லிலா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். தரமணியில் ஆய்வு மாணவி. ரத்தச் செல்களை 14 நிறப் பேனலில் (14 ஒளிர்சாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு அடையாளத்துக்கு) ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் கருவியில், ஓட்டினேன். ஒத்த செல்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் ஃப்ளோசோம் நிரலைப் போட்டதில் ஒரு கூட்டம் மட்டும் சிடி3, சிடி14 என்ற செல் மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் காட்டுகிறது. முன்னது டி செல்லின் அடையாளம், பின்னது மோனோசைட்டுடையது; இரண்டும் வெவ்வேறு வெள்ளணு வகைகள், சேர்ந்திருக்கக் கூடாதே! இறந்த செல்களை நீக்கி, சிக்னலின் பரப்பையும் உயரத்தையும் ஒப்பிட்டு ஒற்றைச் செல்களை மட்டும் எடுக்கும் வடிகட்டலும் (கேட்) போட்டாயிற்று. ஒட்டிக்கொண்ட ஜோடிகள் அதையும் தாண்டித் தப்பியிருக்குமா, இல்லை காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் அளவில் கசிவதைக் கழிக்கும் திருத்தம்) கோளாறா? எனக்கு முதலாவதன் மேல்தான் சந்தேகம்.

அப்புறம், சிடி25 என்ற இன்னொரு புரதத்துக்கு, உள்ளது இல்லாதது என்று பிரிக்க எங்கே கோடு போடுவதென்றே தெரியாமல் இழுபட்டுக் கிடக்கிறது. எஃப்எம்ஓ குழாய் (ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டுப் போடும் ஒப்பீட்டு மாதிரி) வைக்காதது என் தப்புதான், திட்டாதீர்கள். சிடி127 புரதம் குறைவாக உள்ளவற்றோடு சேர்த்துப் பார்த்து டிரெக் செல்களை (நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் டி செல்களை) பிரித்தால் போதுமா?

அடையாறு, கிண்டி பக்கம் யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் ஃபில்டர் காபி என் செலவு.