ஆல்ஃபா சிதைவில் துகள்களின் எண்ணிக்கை மாறாதபோது நிறை எப்படிக் குறைகிறது?

கேள்வி

யுரேனியம்-238 அணுக்கரு ஆல்ஃபா துகளை உமிழ்ந்து தோரியம்-234 ஆகிறது. சிதைவுக்கு முன் 92 புரோட்டான்களும் 146 நியூட்ரான்களும் இருந்தன. பின்னர் தோரியத்தில் உள்ளவற்றையும் ஆல்ஃபாவில் உள்ளவற்றையும் கூட்டினால் அதே எண்ணிக்கைதான் வருகிறது. ஒரு துகள்கூடக் காணாமற்போகாதபோது, ஆற்றலாக மாறியதாகச் சொல்லப்படும் நிறை எதனுடையது? வேதிவினைகளில் நிறை மாறுவதே இல்லை என்பதும் சரிதானா?

மறுமொழி 1

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். யுரேனியம்-238 அணுவின் நிறை 238.050788 அணு நிறை அலகு. தோரியத்தின் 234.043600, ஆல்ஃபா துகளையே அணுக்கருவாகக் கொண்ட ஹீலியத்தின் 4.002603 ஆகிய இரண்டையும் கூட்டினால் 238.046203 கிடைக்கிறது. வேறுபாடு 0.004585. ஓர் அலகு 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது) சமம் என்பதால், வெளிப்படும் ஆற்றல் 4.27 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆகிறது. இதில் ஏறத்தாழ 4.2 ஆல்ஃபா துகளுக்கும், எஞ்சியது பின்னோக்கி உதைக்கப்படும் தோரியத்துக்கும் இயக்க ஆற்றலாகச் சேர்கிறது.

குறைந்த நிறை எந்தத் தனித் துகளுக்கும் உரியதன்று. 238 துகள்களையும் தனித்தனியே பிரித்து நிறுத்தால் வரும் கூட்டுத்தொகையைவிட யுரேனியம் அணுக்கரு சுமார் 1,802 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இலேசானது. இதுவே அதன் பிணைப்பாற்றல். தோரியத்துக்கும் ஆல்ஃபாவுக்கும் சேர்த்து இது சுமார் 1,806 ஆகிறது. அதாவது அதே துகள்கள் முன்னைவிட இறுக்கமாகப் பிணைந்துவிட்டன; அதனால்தான் மொத்த நிறை குறைந்தது.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கு சரியானது. ஆனால் ‘நிறை ஆற்றலாக மாறுகிறது’ என்ற பாடநூல் வாசகத்தின் மீது எனக்கு நெடுநாளாகவே மனத்தாங்கல் உண்டு. எதுவும் வெளியேற முடியாத ஒரு பெட்டிக்குள் இந்தச் சிதைவு நிகழ்வதாகக் கொள்ளுங்கள்: ஆல்ஃபா துகள் சுவரில் மோதி நின்று வெப்பத்தை உண்டாக்கும், ஆயினும் பெட்டியின் மொத்த நிறை இம்மியும் குறையாது. அந்த வெப்பம் கசிந்து வெளியேறும்போதுதான், வெளியேறிய அளவுக்கு நிறையும் குறையும்.

வேதிவினை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கும் இதே விதிதான். ஹைட்ரஜன் அணு, தனித்தனிப் புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்த நிறையைவிட 13.6 எலக்ட்ரான் வோல்ட் குறைவானது. அது அணுவின் நிறையில் ஏறக்குறைய 7 கோடியில் ஒரு பங்கு. சோடியம் அணு மஞ்சள் ஒளியை உமிழும்போதும் சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட்டை இழந்து அந்த அளவுக்கு இலேசாகிறது. எடைபோட்டுக் கண்டறிய இயலாத அளவு என்பதால்தான் வேதியியலில் நிறை மாறாது என்று கொள்கிறோம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் துகள்களே மறைந்து ஆற்றல் வெளிப்படும் நிகழ்வு உண்மையிலேயே உண்டா? மேலும், நிறையையும் ஆற்றலையும் இணைக்கும் E = mc² என்ற சமன்பாட்டை நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்களா?

மறுமொழி 3

உண்டு. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து, பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்பும். மருத்துவமனைகளின் பெட் ஸ்கேன் கருவி பதிவு செய்வது இந்த இணையைத்தான்.

நேரடி அளவீடு 2005இல் வெளியானது. சிலிக்கான், கந்தக அணுக்கருக்கள் ஒரு நியூட்ரானை ஏற்கும்போது வெளிவரும் காமா கதிர்களின் அலைநீளத்தைப் பிரான்சின் கிரனோபிளில் அளந்தனர். அயனிகளின் நிறை வேறுபாட்டை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், காந்தப்புலத்தில் அவை சுழலும் அதிர்வெண்ணைக் கொண்டு கணித்தனர். தனித்தனியே பெற்ற இரு விடைகளும் 0.00004 விழுக்காட்டுத் துல்லியத்துக்குள் ஒத்துப்போயின.