புதுப்பிப்பு: ஆண்ட்ராய்டுக்குக் கட்டற்ற கோப்பு மேலாளர், எது?

முதல் பதிவில் சிம்பிள் ஃபைல் மேனேஜரைப் பரிந்துரைத்திருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அது இடம்பெற்ற சிம்பிள் செயலித் தொகுப்பு 2023 இறுதியில் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதிலிருந்து கிளைத்த ஃபாசிஃபை ஃபைல் மேனேஜர் கட்டற்ற செயலிகளுக்கான அங்காடியான எஃப்-டிராய்டில் கிடைக்கிறது. அது தனிச் செயலியாகத்தான் நிறுவப்படும். பழையதன் மேல் ஏறாது. பழைய அமைப்புகளும் தானாக வந்துவிடாது.

போனுக்குள் நகர்த்த, பெயர் மாற்ற, ஜிப் பிரிக்க மட்டும் என்றால் இதுவே போதும்.

வீட்டுக் கணினியின் பகிர்வுக் கோப்புறையும் வேண்டுமென்றால் மெட்டீரியல் ஃபைல்ஸ். பக்கப் பட்டியலில் புதிய சேமிப்பிடம் சேர்த்து, எஸ்எம்பி (வலையில் கோப்புறைகளைப் பகிரும் நெறிமுறை) தேர்ந்து, கணினியின் ஐபி முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் கொடுங்கள். பென்டிரைவ் செருகிய பழைய ரவுட்டரோடு இணையாவிட்டால் கடவுச்சொல்லைச் சந்தேகிக்க வேண்டாம். அத்தகைய ரவுட்டர்களில் பல, பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். இந்தச் செயலிக்கு 2 அல்லது 3 வேண்டும். ரவுட்டரில் எஃப்டிபி (கோப்புகளை அனுப்பும் இன்னொரு பழைய நெறிமுறை) இருந்தால் அதில் போய்விடலாம், வீட்டு வலைக்குள் மட்டும். அதில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல்தான் போகும்.

பலர் கேட்டது: செயலிகள் தங்கள் கோப்புகளை வைக்கும் ஆண்ட்ராய்டு/டேட்டா (Android/data) கோப்புறை ஏன் காலியாகத் தெரிகிறது? செயலியின் பிழையல்ல. ஆண்ட்ராய்டு 11 முதல், "எல்லாக் கோப்புகளுக்கும் அணுகல்" கொடுத்தாலும் அந்த இடம் பூட்டுதான். யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்துப் பாருங்கள்; பெரும்பாலான போன்களில் அங்கே தெரியும்.